ஆய்வுக்கூடத்தில் ஒரு தொண்டர் படை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல்)

விடுமுறை என்பது மாணவர்களில் சிலருக்கு ஓய்வுக்காலம். சிலருக்குச் சுற்றுலாக் காலம். என்னைப் போன்றவர்களுக்கோ அது கூலிக்காலம். தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு சிற்றூர் என் ஊர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் வாழைத்தார் சுமப்பவர். கல்லூரி மூடியிருக்கும் நாட்களில் நானும் அவருடன் லாரிக்குத் தார் ஏற்றப் போவேன். தேர்வுக் கட்டணமும், செய்முறை ஏடும், உடுத்தும் சட்டையும் அந்தக் கூலியில்தான் வருகின்றன.

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு மாணவர்களிடம் பெயர் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. ஏழு நாள் என்றால் ஏழு நாள் கூலி அல்லவா? தொண்டு என்பது வயிறு நிறைந்தவர்கள் செய்யும் வேலை என்று நண்பர்களிடம் ஏளனமாகவும் பேசினேன். அது எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் காதில் விழுந்துவிட்டது. அவர் கடிந்துகொள்ளவில்லை. நூலகத்திற்குப் போய், வேதியியல் படித்த ஒருவரின் வாழ்க்கையைப் படித்துவிட்டு வரும்படி மட்டும் சொன்னார். அவர் குறிப்பிட்ட மனிதர்தான் ஆசாரியர் பிரபுல்ல சந்திர ரே. அந்தப் பெருமகனாரின் வாழ்க்கையை நான் அறிந்த அளவில் சக மாணவர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோய் தந்த நூலகம்

1861ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள், இன்று வங்கதேசத்தில் குல்னா மாவட்டத்தில் இருக்கும் ராருலி என்னும் சிற்றூரில் ரே பிறந்தார். தந்தையார் ஹரிஷ் சந்திர ரே நிலக்கிழார். ஆங்கிலமும் பாரசீகமும் கற்றவர். வீட்டிலேயே நல்லதொரு நூலகம் வைத்திருந்தவர். பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுக் குடும்பம் 1870இல் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது. சிறுவன் பிரபுல்லன் ஹேர் பள்ளியில் சேர்ந்தான்.

ஆனால் விரைவிலேயே கடுமையான வயிற்றுக்கடுப்பு நோய் அவனைப் படுக்கையில் தள்ளியது. படிப்பு நின்றது. சொந்த ஊருக்கே திரும்ப வேண்டியதாயிற்று. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பள்ளியே இல்லை. வேறொரு சிறுவனாக இருந்தால் வருந்தியே காலத்தைக் கழித்திருப்பான். இவனோ தந்தையின் நூலகத்துக்குள் புகுந்தான். வரலாறும் வாழ்க்கை வரலாறும் இலக்கியமும் வேண்டிய மட்டும் படித்தான். நோய் அவரை முற்றிலும் விட்டு நீங்கவில்லை. மெலிந்த உடலும் அளவான உணவும் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தன. ஆயினும் பாடத்திட்டத்திற்கு வெளியேயும் கல்வி உண்டு என்னும் உண்மையை அவர் அந்த இரண்டு ஆண்டுகளில் கற்றுக்கொண்டார்.

பின்னர் வித்தியாசாகர் நிறுவிய மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் படித்தார். அங்கு வேதியியல் வகுப்பு இல்லை. ஆகவே மாநிலக் கல்லூரியில் பெட்லர் என்னும் பேராசிரியர் நடத்திய வகுப்புகளுக்கு வெளி மாணவராகச் சென்றார். பெட்லர் செய்து காட்டிய சோதனைகள் அவர் மனத்தைப் பறித்துக்கொண்டன. நண்பர் ஒருவருடன் சேர்ந்து வீட்டிலேயே சிறு ஆய்வுக்கூடம் அமைத்துச் சோதனைகள் செய்து பார்த்தார்.

அந்நாளில் குடும்பத்தின் செல்வநிலை தாழ்ந்துகொண்டே வந்தது. மேல்நாடு சென்று படிக்கப் பணம் இல்லை. கில்கிறிஸ்ட் உதவித்தொகைத் தேர்வு ஒன்றே வழி. அதற்குப் பல மொழிகளில் பயிற்சி வேண்டும். தோற்றால் ஊர் சிரிக்குமே என்று, நெருங்கியவர்களுக்கு மட்டும் தெரிவித்துவிட்டு அவர் மறைவாகப் படித்தார். முடிவு வந்தபோது இந்தியாவிலிருந்து தேர்வு பெற்ற இருவரில் அவர் ஒருவராக இருந்தார். 1882இல் கப்பலேறினார்.

எடின்பரோவும் இருநூற்றைம்பது ரூபாயும்

ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் கிரம் பிரவுன் என்னும் புகழ்பெற்ற வேதியியலாரிடம் ரே பயின்றார். 1885இல் இளம் அறிவியல் பட்டம். 1887இல் அறிவியல் முனைவர் பட்டம். நாம் இன்று எந்தப் பட்டத்திற்காக மூன்றாண்டுகள் படிக்கிறோமோ, அந்தப் பட்டத்தைத்தான் அவரும் முதலில் பெற்றார் என்பதை எண்ணும்போது நெஞ்சு சற்று நிமிர்கிறதல்லவா?

1888இல் தாயகம் திரும்பினார். கையில் முனைவர் பட்டம். ஆனால் வேலை இல்லை! கல்வித்துறையின் உயர்பதவிகள் ஆங்கிலேயருக்கே என்றிருந்த காலம் அது. ஏறக்குறைய ஓராண்டு வேலையின்றி இருந்தார். அந்நாட்களில் அவருக்குத் தங்க இடமும் ஆதரவும் தந்தவர் இயற்பியல் மேதை ஜகதீச சந்திர போஸ். 1889இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பணி கிடைத்தது. மாதச் சம்பளம் 250 ரூபாய். அதே தகுதி உடைய ஆங்கிலேயருக்கு மிகுதியான சம்பளமும் மேல்நிலைப் பதவியும் கிடைத்தன. இந்த அநீதி அவர் உள்ளத்தைச் சுட்டது. ஆனால் அதைச் சொல்லிச் சொல்லியே அவர் சோர்ந்துவிடவில்லை.

1896இல் மெர்குரஸ் நைட்ரைட்டு என்னும் சேர்மத்தை அவர் தயாரித்து அறிவித்தார். நிலைத்து நிற்காது என்று கருதத்தக்க இரு பகுதிகள் சேர்ந்து நிலையான படிகமாக அமைந்ததே அதன் வியப்பு. நைட்ரைட்டுகளைப் பற்றிய ஆராய்ச்சி அவருக்கு உலகப் புகழைத் தந்தது. 1902இலும் 1909இலும் இரு தொகுதிகளாக இந்து வேதியியலின் வரலாற்றை எழுதி, பழைய இந்தியாவின் வேதியியல் அறிவை உலகிற்கு எடுத்துக்காட்டினார்.

மொட்டை மாடியில் எலும்புகள்

படித்துப் பட்டம் பெற்ற இளைஞர்கள் அரசாங்க எழுத்தர் வேலைக்காக வாசல் வாசலாக அலைவதைக் கண்டு ரே மனம் நொந்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முதுமொழி. அறிவியல் படித்தவன் தன் அறிவைக் கொண்டு பிழைக்க ஒரு தொழில் வேண்டாமா? 1892இல், சுமார் 700 ரூபாய் முதலில், அப்பர் சர்க்குலர் சாலை 91ஆம் எண்ணுள்ள தம் வாடகை வீட்டிலேயே மருந்துப்பொருள் தயாரிக்கத் தொடங்கினார். அதுவே பெங்கால் கெமிக்கல் நிறுவனத்தின் பிறப்பு.

அந்தத் தொடக்கம் எப்படிப்பட்டது தெரியுமா? சோடியம் பாஸ்பேட்டு தயாரிக்க எலும்புச் சாம்பல் தேவை. இறைச்சிக் கடைகளிலிருந்து எலும்புகளை வாங்கி வீட்டின் மொட்டை மாடியில் காயவைத்தார். எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது. எலும்புகளில் ஒட்டியிருந்த சதை அழுகி நாற்றம் எடுத்தது. காக்கைகள் கூட்டமாக வந்து எலும்பைக் கவ்விக்கொண்டு போய் அக்கம்பக்கத்து வீடுகளில் போட்டன. சுற்றியிருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? சண்டைக்கு வந்துவிட்டார்கள். பேராசிரியர் எலும்புகளையெல்லாம் அள்ளிக்கொண்டு நகருக்கு வெளியே போய் எரித்தார். இதைப் படித்தபோது, ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு வாடைக்கே மூக்கைப் பிடித்துக்கொள்ளும் நம் வகுப்பு என் நினைவுக்கு வந்தது.

பகலெல்லாம் கல்லூரியில் வகுப்பு, மாலையில் தொழிற்கூடம். இதுவே அவருடைய அன்றாடம். டாக்டர் அமூல்ய சரண் போஸ் போன்ற நண்பர்கள் தோள்கொடுத்தனர். 1901இல் அது பங்குதாரர் நிறுவனமாக வளர்ந்தது. ரேயின் மாணவரான சதீஷ் சந்திர தாஸ்குப்தா அங்கே உருவானவர். பின்னாளில் வங்க இலக்கியத்தில் நகைச்சுவை எழுத்தாளராகப் புகழ்பெற்ற ராஜசேகர் பாசுவும் வேதியியல் படித்துவிட்டு 1903இல் அங்குச் சேர்ந்து நிர்வாகியாக உயர்ந்தவர். தொழிற்பயிற்சி, கோடைப் பயிற்சி என்று இன்று நாம் எதைத் தேடி அலைகிறோமோ, அதற்கான இடத்தை ஒரு பேராசிரியர் தம் வாடகை வீட்டிலேயே தோற்றுவித்தார் என்றால் மிகையாகாது. 1980இல் நாட்டுடைமையான அந்நிறுவனம் இன்றும் இயங்கி வருகிறது.

மாணவரே அவர் குடும்பம்

ரே திருமணம் செய்துகொள்ளவில்லை. மாணவர்களே அவர் மக்கள். 1916இல் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்று, கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராகச் சேர்ந்தார். அந்தக் கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறையில் குடியிருந்தார். எளிய கட்டில், சில நூல்கள், எளிய ஆடை. 1919இல் சர் பட்டம் பெற்ற ஒருவரின் உடைமைகள் இவைதாம்! ஏழை மாணவர்கள் சிலர் அவருடனேயே தங்கிப் படித்தனர். தம் வருவாயில் தமக்கென மிகச் சிறிதே எடுத்துக்கொண்டு, மிச்சத்தையெல்லாம் மாணவர்களுக்கும் அறப்பணிகளுக்கும் செலவிட்டார்.

1921இல் அவருக்கு அறுபது வயது நிறைந்தது. அன்றுமுதல் தம் சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழகத்தின் வேதியியல் வளர்ச்சிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைகளுக்கும் விட்டுக்கொடுத்தார். 1936 வரை, அதாவது பதினைந்து ஆண்டுகள், ஊதியம் கொள்ளாமலே பணியாற்றினார்.

அவரிடம் பயின்றவர்கள் யார் யார்? சத்தியேந்திர நாத் போஸ், மேகநாத சாகா, நீலரத்தன் தர், கரக்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநரான ஞான சந்திர கோஷ்! இவர்களில் சாகாவின் வரலாறு என்னை மிகவும் கவர்ந்தது. டாக்காவை அடுத்த செயோராத்தலி என்னும் சிற்றூரில் 1893இல் ஒரு சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர் அவர். படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. வேறோர் ஊரில் ஒரு மருத்துவர் வீட்டில் தங்கி, மாட்டைக் கவனித்து வேலைகள் செய்துகொண்டு பள்ளி சென்றார். அந்தப் பையன்தான் 1920இல் விண்மீன்களின் நிறமாலைக்குப் பொருள் சொன்ன அயனியாக்கச் சமன்பாட்டை உலகிற்குத் தந்தான்.

1922: வெள்ளம்

இப்போது என் கதைக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். 1921இல் குல்னாப் பகுதியில் பஞ்சம் வந்தபோதே ரே துயர்துடைக்கும் பணியில் இறங்கினார். அடுத்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் வட வங்காளத்தில் பெருமழை கொட்டியது. ராஜஷாகி, போக்ரா, பாப்னா மாவட்டங்களில் வீடுகள் இடிந்தன, பயிர்கள் அழுகின, கால்நடைகள் மடிந்தன. மக்கள் ரயில்பாதையின் மேட்டில் ஏறி உயிர் பிழைத்தனர்.

வங்காள நிவாரணக் குழு அமைந்தது. தலைவர் ரே. வயது 61, நோயுற்ற உடல். குழுவின் தலைமையிடம் எது? அவருடைய அறிவியல் கல்லூரியே! குடுவைகளும் தராசுகளும் இருந்த கட்டடத்தில் அரிசி மூட்டைகளும் துணிப் பொதிகளும் குவிந்தன. கல்லூரி மாணவர்கள் அணி அணியாக வந்தனர். சிலர் வீடு வீடாகச் சென்று அரிசியும் துணியும் காசும் திரட்டினர். சிலர் பொதி கட்டினர். சிலர் கணக்கு எழுதினர். சிலர் வெள்ளப் பகுதிக்கே சென்று தங்கினர். அங்கே முதலில் பொறுப்பேற்றுப் பணியாற்றியவர் யார் தெரியுமா? ஓராண்டுக்கு முன்தான் உயர்பதவியான ஐ.சி.எஸ். பணியைத் துறந்து வந்த இளைஞர் சுபாஷ் சந்திர போஸ். மேகநாத சாகாவும் அப்போது இளம் பேராசிரியராகக் குழுவில் உழைத்தார். ஏழைக் கடைக்காரரின் மகன் அங்கே கைநீட்டி வாங்கும் வரிசையில் இல்லை. அள்ளிக் கொடுக்கும் வரிசையில் நின்றார்.

இதைப் படித்த இடத்தில் நான் நூலை மூடி வைத்துவிட்டேன். காரணம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை நாம் மறக்க இயலுமா? ஸ்ரீவைகுண்டத்தில் பாதை அரிக்கப்பட்டு ரயில் நின்றுவிட, அதிலிருந்த சுமார் 800 பயணிகளில் பலருக்குப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைச் சமைத்துப் போட்டார்கள். அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மூன்றாம் நாள் ஒரு டிராக்டரில் கல்லூரி மாணவர்கள் சிலர் ரொட்டியும் பால்பொடியும் மெழுகுவத்தியும் கொண்டுவந்தனர். அவர்களில் ஓர் அக்காள் குறிப்பேட்டுடன் வந்து, எங்கள் வீட்டில் எத்தனை பேர், என்னென்ன போயிற்று என்று எழுதிக்கொண்டார். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எப்போது வடிந்தது என்றும் கேட்டார். அந்த அக்காளின் பெயரை நான் கேட்கவில்லை. அன்று அவர் எந்த வேலையை விட்டுவிட்டு வந்தாரோ, எத்தனை நாள் கூலியை இழந்தாரோ, நான் அறியேன். அவர் கொடுத்த ரொட்டியைத் தின்ற நான்தான் தொண்டு வயிறு நிறைந்தவர் வேலை என்று பேசியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

தண்ணீர் ஏன் வடியவில்லை?

சோறு கொடுத்ததோடு ரே நின்றுவிடவில்லை. விதையும் மாட்டுத் தீவனமும் குடிசை கட்டப் பொருளும் வழங்கச் செய்தார். ஆத்ராய், தலோரா ஆகிய இடங்களில் இராட்டை மையங்களை ஏற்படுத்திப் பெண்கள் நூற்றுச் சம்பாதிக்க வழிசெய்தார். பிச்சை அன்று, உழைப்பே உதவி என்பது அவர் கொள்கை.

அத்துடன் அறிவியலாளருக்கே உரிய ஒரு கேள்வியையும் அவர் எழுப்பினார். மழை பெய்வது இயற்கை. ஆனால் பெய்த தண்ணீர் ஏன் நாட்கணக்காகத் தேங்கி நின்றது? ரயில்பாதைக்காகப் போட்ட உயர்ந்த மேடுகள் தண்ணீரின் வழியை மறித்தன. நீர் கடக்கப் போதுமான பாலங்கள் இல்லை என்று அவர் குற்றம்சாட்டினார். மழையின் மிகுதியே காரணம் என்றது அரசு. பின்னர் மகலநோபிஸ் என்னும் புள்ளியியல் அறிஞர் 1870 முதல் 1922 வரையிலான மழை, வெள்ளக் கணக்குகளை ஆராய்ந்து 1927இல் அறிக்கை தந்தார். நீரைத் தேக்கி வைப்பதைவிட விரைவாக வடியச் செய்வதே தேவை என்பது அவர் கண்ட முடிவு. சாகாவும் இந்த வெள்ளத்தைப் பற்றி எழுதினார். ஆறுகளைப் பற்றிய அந்த அக்கறை அவரை விட்டு நீங்கவே இல்லை. 1943இல் தாமோதர் ஆற்றில் வெள்ளம் வந்தபின் அமைந்த விசாரணைக் குழுவில் அவர் உறுப்பினர். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் பிறந்ததில் அவர் எழுத்துக்கும் உழைப்புக்கும் பங்கு உண்டு.

பார்த்தீர்களா! அரிசி மூட்டை சுமக்கப் போன இடத்தில் அறிவியல் கேள்வி பிறந்திருக்கிறது. தொண்டு வாங்குபவருக்கு மட்டுமன்றிச் செய்பவருக்கும் பயன் தருகிறது. எந்தப் பாடநூலும் கேட்காத கேள்வியை அது கேட்கவைக்கிறது.

1924இல் இந்திய வேதியியல் கழகத்தின் முதல் தலைவராக ரே தேர்ந்தெடுக்கப்பட்டார். தம் வாழ்க்கை வரலாற்றையும் இரு தொகுதிகளாக எழுதினார். 1944ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், அறிவியல் கல்லூரியின் அதே அறையில், மாணவர்கள் சூழ அந்த நல்லுயிர் பிரிந்தது.

எனக்குக் கிடைத்த விடை

காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரத் தொண்டு, ஏழு நாள் முகாம் என்பவை அதன் விதிகள். ரே தம் கட்டடத்தில் தாமாகவே நடத்தியதை இன்று நாடே நடத்துகிறது. கோடைக்காலத்தில் ஆய்வுக்கூடங்களில் பயிற்சி பெறவும் வழிகள் உள்ளன. பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் நகரங்களிலுள்ள அறிவியல் அகாதமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆராய்ச்சிப் பயிற்சியில் உதவித்தொகையும் தருகிறார்கள். இத்தகைய வாய்ப்புகளை அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டு, நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்று கடந்துபோவது நம் பிழை. இதுவரை நானும் அப்படித்தான் கடந்துபோனேன்.

இந்த ஆண்டு முகாமுக்குப் பெயர் கொடுத்தேன். தந்தையாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, போய்வரச் சொன்னார். முகாம் நடந்த கிராமத்தில் குளத்து மறுகால் ஓடையைத் தூர் வாரினோம். ஓடையின் அகலம் நான்கு மீட்டர். அது சாலையைக் கடக்கும் இடத்தில் இருந்தவையோ இரண்டே குழாய்கள். அவற்றிலும் ஒன்றை ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் குப்பையும் அடைத்திருந்தன. ரேயின் கேள்வி என் மனத்தில் எழுந்தது. நாங்கள் நால்வர் அளவெடுத்து, வரைபடம் வரைந்து, சென்ற மழையில் எந்தெந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டு எழுதி, மனுவாகக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. மீண்டும் எழுதுவோம்.

முகாம் முடிந்து வீடு திரும்பியபோதுதான் தெரிந்தது: அந்த ஏழு நாளும் என் பங்குத் தார்களையும் சேர்த்து என் தந்தையாரே சுமந்திருக்கிறார். அன்றிரவு என் தாயார் அவர் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நண்பர்களே! தொண்டுக்கு ஊதியம் இல்லை. ஆனால் அதற்கு ஒரு செலவு உண்டு. யாரோ ஒருவர் அதைச் சுமக்கிறார். வசதியுள்ள வீட்டில் அது தெரிவதில்லை. எங்கள் வீட்டில் தோளில் தெரிகிறது. ஆசாரியர் ரே தம் சம்பளத்தைக் கொடுத்து, தம் அறையைக் கொடுத்து, ஏழை மாணவனின் அந்தச் சுமையைத் தாம் ஏற்றுக்கொண்டார். அதனால்தான் அவர் நிழலில் மளிகைக் கடைக்காரரின் மகனும் தலைநிமிர்ந்து நின்றார். முகாமுக்கும் பயிற்சிக்கும் செல்லும் ஏழை மாணவர்க்கு ஒரு சிறு உதவித்தொகை வழங்க, பழைய மாணவர்களும் ஆசிரியப் பெருமக்களும் மனம் வைத்தால் நம் கல்லூரியிலும் முடியாதா? நான் பட்டம் பெற்று வேலைக்குச் சென்றால், முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு அதற்கு என்று இங்கேயே எழுதிவைக்கிறேன். இந்த மலர் அதற்குச் சாட்சியாக இருக்கட்டும்.

வாழ்க ஆசாரியர் புகழ்! வளர்க மாணவர் தொண்டு!